தீவுக்கடலும் மதுரை அரியணையும்

(மதுரையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது.)



மதுரை வரலாற்றை நாம் பெரும்பாலும் வடக்கு நோக்கி உட்கார்ந்தே படித்திருக்கிறோம். தஞ்சையிலிருந்து சோழன் வந்தான், தில்லியிலிருந்து மாலிக் காபூர் வந்தான், விசயநகரத்திலிருந்து குமார கம்பணன் வந்தான் என்று வரிசை சொல்லிப் பழகிவிட்டோம். தென்கிழக்கே, வைகை போய்ச் சேரும் கடலிலிருந்து ஒரு படை ஏறி வந்து மதுரையில் ஒருவனுக்கு முடி சூட்டிய செய்தி பாடநூலில் இரண்டு வரிக்கு மேல் போவதில்லை. 1170ஐ ஒட்டி நடந்த அந்தப் போரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பொலன்னறுவையில் இருந்த முதலாம் பராக்கிரமபாகுவின் தண்டநாயகன் இலங்காபுரன், இராமேசுவரத் தீவில் இறங்கிக் கோட்டை கட்டி, அங்கிருந்து மதுரைவரை வந்த கதை அது.

இதைப் 'பாண்டியர் உள்நாட்டுப் போர்' என்று எழுதுவது வழக்கம். ஒரு பக்கம் பராக்கிரம பாண்டியன், மறு பக்கம் குலசேகர பாண்டியன். ஒருவனுக்கு ஈழத்தான் துணை, மற்றவனுக்குச் சோழன் துணை. இந்தச் சித்திரம் பொய்யல்ல. ஆனால் முக்கியமானது இதில் பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது என்பது என் கருத்து. இந்தப் போர் பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவிலுள்ள தீவுகளையும் துறைகளையும் யார் வைத்துக்கொள்வது என்பதற்காக நடந்த போர். மதுரை அரியணை அதற்குக் கிடைத்த சாக்கு. சாட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன்.

1. இரண்டு கடல்

முதலில் கடல். இராமேசுவரத்து மீனவர்கள் தங்கள் தீவுக்கு இரண்டு கடல் என்பார்கள்: வடகடல், தென்கடல். வடக்கே பாக் நீரிணை. பெரும்பகுதியில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழமில்லை. தெற்கே மன்னார் வளைகுடா. ஆழமும் அலையும் அங்கே வேறு. வடக்கில் இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கில் இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும்.

இதில் படைத்தலைவன் ஒருவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஆண்டின் எந்த மாதத்திலும் தீவின் ஏதோ ஒரு பக்கத்தில் தோணி இறக்கலாம். சோழ மண்டலக் கரையின் மற்றத் துறைகளில் ஐப்பசி கார்த்திகையில் கப்பல் நிறுத்த முடியாது. இந்தத் தீவை வைத்திருப்பவனுக்கு அந்தக் கவலை இல்லை. பாம்பன் கால்வாயோ மிக ஆழங்குறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பாறையை உடைத்து ஆழப்படுத்தும்வரை பெரிய கப்பல் எதுவும் அதில் நுழைந்து மறுபக்கம் போனதில்லை. முன்பு தீவு கரையோடு ஒட்டியே இருந்தது, 1480இல் அடித்த புயல்தான் அறுத்துவிட்டது என்ற செய்தியும் கோயிலைச் சார்ந்து வழங்கிவருகிறது. அது எப்படியானாலும் நீரைக் கடப்பது இங்கே பெரிய தடையாக இருந்ததில்லை. ஆழம் தெரிந்தவன் யார், தோணி வைத்திருப்பவன் யார் என்பதுதான் எப்போதும் கேள்வி. கரையோரத்து மக்களின் துணையில்லாமல் வெளியூர்ப் படை எதுவும் இங்கே அசைய முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு போருக்கு வருவோம்.

2. நடந்தது என்ன

குலசேகரன் மதுரையை முற்றுகையிட்டான். திருநெல்வேலிப் பக்கத்துப் படையும், தாய்மாமன்மார் வழியாகக் கொங்குப் படையும் அவனிடம் இருந்தன. உள்ளே அகப்பட்ட பராக்கிரம பாண்டியன் பொலன்னறுவைக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டான். பராக்கிரமபாகு இலங்காபுரனை அனுப்பினான். படை ஈழக்கரையிலுள்ள மாதோட்டத் துறைக்கு வந்து சேர்வதற்குள் மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனும் அவன் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டனர். ஒரு மகன் மட்டும் தப்பினான். அவன்தான் வீரபாண்டியன்.

இந்தக் கதையை நமக்கு விரிவாகச் சொல்வது சூளவம்சம் என்ற பாளி நூல். பராக்கிரமபாகுவைக் காவிய நாயகனாக நிறுத்தி எழுதிய நூல் அது. அதில் வரும் வெற்றிகளை எண்ணிக் கூட்டினால் பாண்டிய நாட்டில் ஒரு சுவர்கூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனாலும் அதன் ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. தொண்டி, நெட்டூர், மானாமதுரை, செம்பொன்மாரி, பொன்னமராவதி என்று வரும் பெயர்கள் எல்லாம் இன்றைக்கும் பேருந்துப் பலகையில் படிக்கக்கூடிய ஊர்கள். உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்தவனுக்கு நெட்டூர் தெரிந்திருக்காது. படையோடு நடந்தவர்கள் சொன்ன குறிப்பு ஒன்று அந்த ஆசிரியர் கையில் இருந்திருக்க வேண்டும்.

கரையிறங்கிய காட்சியும் அப்படித்தான். பெரிய கப்பல்கள் ஆழ்நீரிலேயே நிற்க, வீரர்கள் தோணிகளுக்கு மாறி, கரையிலிருந்து வந்த அம்பு மழைக்குத் தோல் கேடயங்களை முன்னால் நிறுத்திக்கொண்டு அணுகினார்கள் என்கிறது நூல். இந்தக் கரையைப் பார்த்தவர் யாரும் இதை அணி என்று தள்ளிவிட மாட்டார்கள். கப்பல் நேராகக் கரைக்கு வர முடியாத கடல் இது. இன்றும் விசைப்படகு தள்ளித்தான் நிற்கிறது.

அடுத்து இராமேசுவரம் பிடிபட்டது. பின்னர் குந்துகால் என்ற இடத்தில் இலங்காபுரன் கோட்டை ஒன்றை எழுப்பினான். மூன்று மதில், பன்னிரண்டு வாயில், அகழிகள் எல்லாம் கொண்டது, பெயர் பராக்கிரமபுரம். பாம்பனுக்குத் தெற்கே இன்று குந்துகால் என்று நாம் சொல்லும் இடம்தான் அது என்பது அறிஞர் பலரின் முடிவு. 1897 சனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் முதலில் கால் வைத்த கரையும் அதுதான். இராமநாதபுரம் சேதுபதி பாஸ்கரர் அங்கே நின்று அவரை வரவேற்றார். நினைவிடம் அவருக்குத்தான் இருக்கிறது, இலங்காபுரனுக்கு இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

குலசேகரன் தானே வந்து பராக்கிரமபுரத்தைத் தாக்கித் தோற்றான். பொலன்னறுவையிலிருந்து செகத்விசயன் என்ற இன்னொரு தண்டநாயகன் துணைப்படையோடு வந்தான். வைகைக் கரையோரமாக மேலேறிய படை கடைசியில் மதுரையில் வீரபாண்டியனுக்கு முடி சூட்டியது. குலசேகரன் ஓடிப்போய்ச் சோழனிடம் அடைக்கலம் புகுந்தான். இரண்டாம் இராசாதிராசன் பல்லவராயர் தலைமையில் படை அனுப்பினான்.

இதற்குமேல் சூளவம்சம் வெற்றி விழாவோடு கதையை முடித்துக்கொள்கிறது. முடிவைத் தெரிந்துகொள்ள மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக்குப் போக வேண்டும். அங்குள்ள கல்வெட்டு திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயரின் பணிகளைச் சொல்லும்போது, இலங்காபுரனும் அவனோடு வந்த தண்டநாயகர்களும் கொல்லப்பட்டு அவர்கள் தலைகள் மதுரை வாயிலில் தைக்கப்பட்டன என்கிறது. குலசேகரன் மறுபடி அரியணை ஏறினான். ஒரே போரைப் பற்றிய இரண்டு சாட்சிகள் இவை. ஒன்று நடுவில் நிற்கிறது. மற்றொன்று முடிவில் மட்டும் பேசுகிறது. வரலாற்றாசிரியர்களான நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவப் பண்டாரத்தாரும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்.

3. இறந்தவனுக்கு உதவி

உதவி கேட்டவன் இறந்துவிட்டான். படை இன்னும் மாதோட்டத்துக் கரையில்தான் நிற்கிறது, கடல் தாண்டவில்லை. அந்த இடத்தில் எந்த அரசனும் படையைத் திரும்ப அழைத்திருக்கலாம். யாரும் குறை சொல்ல முடியாது. பராக்கிரமபாகு என்ன செய்தான்? போ, அந்த நாட்டைப் பிடித்து அவன் பிள்ளையிடம் கொடு என்றான். நட்புக்காக என்று நூல் சொல்லும். ஆனால் பிடித்தவுடன் அவன் தளபதி செய்த மூன்று காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, மதுரைக்கு ஓடாமல் தீவில் கோட்டை கட்டினான். உதவிக்கு வந்தவன் கட்டுவது பாசறையாகத்தான் இருக்கும். மூன்று மதிலும் பன்னிரண்டு வாயிலும் வைத்து, தன் அரசன் பெயரைச் சூட்டி எழுப்புகிறவன் திரும்பிப் போகும் எண்ணத்தில் வந்தவனல்லன்.

இரண்டாவது, பராக்கிரமபாகு பெயர் பொறித்த காசைப் பாண்டிய நாட்டில் வழங்கச் செய்தான் என்று அதே நூல் பெருமையோடு சொல்கிறது. அந்தக் காசின் வடிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். ஒருபக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் அரசன் பெயர். முதலாம் இராசராசன் வெளியிட்ட, நாம் ஈழக்காசு என்று சொல்லும் அச்சின் வழியில் வந்தது அது. 993க்கும் 1070க்கும் இடையில் சோழர் ஈழத்தை ஆண்டபோது அங்கே பழகிய காசு, சோழர் போன பிறகும் போகவில்லை. நூறு ஆண்டு கழித்து வேறு அரசன் பெயரோடு கடல் தாண்டிப் பாண்டிய நாட்டுக்கு வந்தது. நீரிணையின் இரு கரையிலும் வணிகர் கைக்குப் பழகிய காசு ஒன்றே என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது, பிடிபட்ட தமிழ் வீரர்களைக் கப்பலேற்றி அனுராதபுரத்துக்கு அனுப்பி, அங்கே இரத்தினமாலி தூபத்தைப் பழுதுபார்க்க வைத்தான். முன்பு தமிழர் இடித்ததைத் தமிழரே கட்டட்டும் என்ற கணக்கு. இதைப் பிடித்துக்கொண்டு இது பழிவாங்கும் போர் என்று வாதிப்பவர்கள் உண்டு. பழியும் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் பழிக்கு வந்தவன் காசு அடிப்பானா?

இலங்கைப் படை கடல் தாண்டியது இது முதல் முறையும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன், 1164–65 வாக்கில், அதே பராக்கிரமபாகு பர்மாவின் இராமஞ்ஞ நாட்டின்மேல் கப்பற்படை அனுப்பியிருந்தான். அந்தச் சண்டைக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று யானை வணிகம். யானை வாங்க விடாமல் பர்மிய அரசன் தடுத்தான், விலையை ஏற்றினான். ஓராண்டுக்கான உணவும் மருத்துவரும் செவிலியரும் கப்பலில் ஏற்றப்பட்டதாகச் சூளவம்சம் சொல்கிறது. அந்தப் போரில் ஈடுபட்ட கித்தி நுவரகல் என்பவனுக்கு நிலம் கொடுத்த செய்தியை இலங்கையின் தேவனகலைப் பாறைக் கல்வெட்டு உறுதிசெய்கிறது. ஆக, இந்த அரசன் வணிக வழிக்காகக் கப்பல் விடக்கூடியவன் என்பதற்கு மதுரைக்கு வெளியே சாட்சி இருக்கிறது.

4. ஆர்ப்பாக்கத்து அச்சம்

இப்போது வடக்கே காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆர்ப்பாக்கம் என்ற சிற்றூருக்கு வருகிறேன். இரண்டாம் இராசாதிராசனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. எனக்கு இந்தப் போரின் எல்லாச் சாட்சிகளிலும் இதுதான் அருமையானது.

எதிரிலிசோழச் சம்புவராயன் என்ற சிற்றரசன். போர்முனையில் நின்ற தளபதி அவன் மகன். ஈழப்படை பாண்டிய நாட்டைப் பிடித்தது, இராமேசுவரத்துக் கோயிலை அடைத்தது, பூசை நின்றது, கோயில் பண்டாரம் போயிற்று என்று செய்தி வருகிறது. தொண்டிப் பக்கத்தில் சண்டை என்ற பேச்சு பரவியதும் சோழ மண்டலத்திலும் மற்ற நாடுகளிலும் மக்கள் நடுங்கினார்கள் என்று கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. அரச சாசனங்கள் எதிரி நடுங்கியதைத்தான் எழுதும். நம் மக்கள் நடுங்கினார்கள் என்று கல்லில் வெட்டிவைத்த இடம் அரிது.

சம்புவராயன் உமாபதி தேவர் என்ற ஞானசிவ தேவரிடம் போகிறான். அவர் வடநாட்டிலிருந்து வந்த சைவ ஆசாரியர். மகன் ஆபத்தில் இருக்கிறான், நாடும் ஆபத்தில் இருக்கிறது, ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்கிறான். கோயிலை அடைத்தவர்கள் சிவத்துரோகிகள், அவர்கள் அழிய நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவர் 28 நாள் பூசை நடத்துகிறார். பிறகு பல்லவராயரிடமிருந்து வெற்றிச் செய்தி வருகிறது. சம்புவராயன் நன்றியாக ஆர்ப்பாக்கத்தையே அவருக்குக் கொடுத்துவிடுகிறான். அவர் அதைத் தன் உறவினருக்குப் பகிர்ந்தளிக்கிறார்.

போருக்குப் பூசை உதவியதா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு வேண்டியது அந்த நடுக்கம். வைகைக் கரையில் இரண்டு பாண்டியர் அடித்துக்கொண்டால் காஞ்சிபுரத்து மனிதன் ஏன் தூக்கம் கெட வேண்டும்? பாண்டிய நாட்டு அரியணைச் சண்டைகள் அதற்கு முன்னும் நடந்தன, பின்னும் நடந்தன. தொண்டை நாட்டில் யாரும் பூசை வைக்கவில்லை. இந்த முறை தொண்டித் துறையில் அந்நியப் படை நிற்கிறது. தொண்டியிலிருந்து கரையோரமாக வடக்கே வந்தால் சோழ நாட்டுத் துறைகள் வரிசையாக இருக்கின்றன. நாகப்பட்டினத்துக்கு எத்தனை நாள் என்பதைக் கடற்கரைக்காரன் விரல் மடக்கிச் சொல்வான். பயந்தவர்கள் போரின் பொருளைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்பேன்.

5. சோழன் அடித்த இடம்

இலங்காபுரன் தலை மதுரை வாயிலில் தொங்கிய பிறகும் போர் ஓயவில்லை. பராக்கிரமபாகு மறுபடி கப்பல் கட்டத் தொடங்கினான். அதைச் சொல்வது திருவாலங்காட்டிலுள்ள, இராசாதிராசனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. பழையனூர் வேதவனமுடையான் அம்மையப்பனான அண்ணன் பல்லவராயன் இதன் நாயகன். ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களில் ஈழத்தான் படை சேர்க்கிறான், கப்பல் கட்டுகிறான் என்று கேள்விப்பட்ட அண்ணன் பல்லவராயன் மதுரையில் காவலைக் கூட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பராக்கிரமபாகுவின் மருமகனும் ஈழ அரியணைக்கு உரிமை கோரியவனுமான சீவல்லபன் சோழர் பக்கம் வந்திருந்தான். அவனைத் துணைக்கொண்டு கடல் தாண்டிப் படை அனுப்பி, அந்தத் துறைகளை அழித்து, யானைகளைக் கவர்ந்துகொண்டு வந்தார்கள்.

ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே வேலணைத் தீவின் முனையில் இருக்கிறது. அவன் நம் தீவில் இறங்கியதற்கு இவர்கள் அவன் தீவில் இறங்கினார்கள். அவன் வீரபாண்டியனைத் தூக்கிப் பிடித்ததற்கு இவர்கள் சீவல்லபனைத் தூக்கிப் பிடித்தார்கள். அரியணைப் பங்காளி ஒருவன் ஒவ்வொரு கப்பலிலும் ஏறிக்கொள்கிறான். கப்பல் போவதென்னவோ துறைக்குத்தான். பொலன்னறுவைக்குப் போகச் சோழப் படை முயலவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. பராக்கிரமபாகு கட்சி மாறினான். எந்தக் குலசேகரனை விரட்ட இத்தனை படை அனுப்பினானோ அதே குலசேகரனோடு உறவு வைத்துக்கொண்டான். குலசேகரனும் தன்னை அரியணை ஏற்றிய சோழனை மறந்தான்; மதுரை வாயிலில் தைத்திருந்த ஈழத் தண்டநாயகர் தலைகளை எடுத்துவிடச் செய்தான். சோழன் என்ன செய்தான்? எந்த வீரபாண்டியனை எதிர்த்துப் போரிட்டானோ அவனையே கொண்டுவந்து மதுரையில் உட்கார வைத்தான். இரண்டு பெரிய அரசுகளும் பாண்டியர்களை மாற்றிக்கொண்டன. அரியணை யாருக்கு என்பது போரின் பொருளாக இருந்தால் இது நடந்திருக்க முடியுமா? மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் அந்த வீரபாண்டியனும் ஈழத்துப் பக்கம் சாய, விக்கிரம பாண்டியன் வந்தான். ஆட்கள் மாறினார்கள், வழக்கு அதே வழக்கு.

6. நயினாதீவுக் கல்

ஊராத்துறையில் அப்படி என்ன இருந்தது என்று கேட்பவர்கள் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள உடைந்த கல்வெட்டைப் பார்க்க வேண்டும். பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை அது, மொழி தமிழ். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களைக் காக்க வேண்டும், பல துறைகளிலிருந்தும் வருகிறவர்கள் இங்கேயே கூட வேண்டும் என்கிறது. அடுத்துக் கப்பல் உடைந்தால் என்ன என்பதற்கு விதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

ஏன் யானை குதிரைக்கு மட்டும் இந்தச் சலுகை? உயிருள்ள சரக்கைக் கொண்டுவருகிறவன் பெரிய நட்டத்துக்குத் துணிந்து வருகிறான். அரசனுக்குப் படைக்கு வேண்டியது அதுதான்; ஆகையால் நட்டத்தில் கொஞ்சம் நானும் தாங்குகிறேன் என்கிறான். அரசன் கையெழுத்திட்ட காப்பீட்டு விதி என்றே இதைச் சொல்லலாம். இதே குதிரை வணிகம்தான் நூறாண்டு கழித்து, மார்க்கோ போலோ வந்தபோது, காயலில் பாண்டியர் கருவூலத்தை வற்றச் செய்தது. எனவே நீரிணையின் வடகோடியில் ஊராத்துறை, தென்கரையில் மாதோட்டம், நடுவில் இராமேசுவரத் தீவு. மூன்றையும் ஒருவனே வைத்திருந்தால் வங்கக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் இடையே சரக்கு மாறும் இடம் முழுவதும் அவன் கைக்குள் அடங்கும். முத்துக்குளிக்கும் கடலும் பக்கத்தில்தான். பராக்கிரமபுரத்தின் பன்னிரண்டு வாயிலுக்கு விளக்கம் இங்கே இருக்கிறது.

7. பால்டிக்கிலிருந்து ஒரு சாட்சி

இந்த வாதம் நம் ஊருக்கு மட்டும் பொருந்துவதா என்று நான் யோசித்ததுண்டு. வட ஐரோப்பாவில் சுவீடனும் டென்மார்க்கும் மோதிய ஸ்கேனியப் போரைப் படித்தபோது ரூகன் தீவு கண்ணில் பட்டது. செருமானியக் கரையை ஒட்டி, குறுகிய நீரிணைக்கு அப்பால் இருக்கும் தீவு. எதிரே இஸ்ட்ரால்சுண்டு என்ற துறைமுகக் கோட்டை. 1677இல் டேனியர் தீவைப் பிடித்தனர். 1678 சனவரியில் சுவீடன் மீட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் டேனியரும் பிராண்டன்பர்க்காரரும் சேர்ந்து பெருங்கப்பற்படையோடு வந்து மறுபடி பிடித்தனர். தீவு போன அடுத்த மாதமே இஸ்ட்ரால்சுண்டு விழுந்தது. 1679இல் நடந்த உடன்படிக்கையில் எல்லாம் பெரும்பாலும் சுவீடனுக்கே திரும்பிப் போயிற்று. ஏறக்குறைய ஓராண்டில் மூன்று முறை கை மாறிய தீவு. அதே டேனியர் 1620 முதல் நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி மிளகு வாங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கும் தீவு என்றால் எதிர்க்கரைத் துறைமுகத்தின் சாவி என்று தெரிந்திருந்தது.

8. மதுரை தானே படையெடுத்தபோது

கடைசியாக ஒன்று. இதுவரை மதுரை பார்வையாளராக இருந்த கதையைச் சொன்னேன். மதுரையே அந்தத் தீவின்மேல் படையெடுத்ததும் உண்டு, 1639ஐ ஒட்டி. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்கும் இராமநாதபுரத்தை ஆண்ட தளவாய் சேதுபதி என்ற இரண்டாம் சடைக்கத் தேவருக்கும் மோதல். சேதுபதிப் பட்டத்துக்கு உரிமை கோரிய தம்பியைத் திருமலை ஆதரித்தார். பழைய கதையேதான், பங்காளி ஒருவன் கிடைக்காமல் இந்தக் கரையில் போர் தொடங்குவதே இல்லை. தளவாய் இராமப்பய்யன் படையோடு போனார். சேதுபதி இராமேசுவரத் தீவுக்குள் ஒதுங்கினார். அவர் மருமகன் வன்னியன் எதிர்த்து நின்றான். 'இராமப்பய்யன் அம்மானை' இந்தப் போரைப் பாடும் நாட்டார் நூல். வென்ற தரப்பின் தளவாய் பெயர் நூலுக்கு வைக்கப்பட்டிருந்தாலும் வீரம் பெரும்பகுதி வன்னியனுக்கே போய்விடுகிறது. பாடியவர்களின் மனம் எந்தக் கரையில் இருந்தது என்பது தெரிகிறது.

மதுரைப் படைக்குக் குதிரை உண்டு, பீரங்கி உண்டு. கடல் கடக்கத் தெரியாது. பாம்பனில் கல்லைப் போட்டு அணை கட்டப் பார்த்தார்கள். அதுவும் போதாமல் போர்த்துக்கீசியரின் கப்பல் உதவியைத் தேடினார்கள். வன்னியன் நோயில் இறந்ததும் சேதுபதி சரணடைந்தார். மதுரையில் சிறையும் வைத்தாயிற்று. போர்த்துக்கீசியருக்கு நன்றியாகத் திருமலை கோட்டை கட்டிக்கொள்ளவும் இராமேசுவரத்தில் தேவாலயம் எழுப்பவும் இசைந்தார். இராமேசுவரத்தில் தேவாலயம்! அந்த நீரைக் கடக்க மதுரை எவ்வளவு விலை கொடுக்கத் தயாராக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் தம்பியால் அந்த நாட்டை ஆள முடியவில்லை. கலகம், யாத்திரிகர் வழியில் பாதுகாப்பில்லை என்று முறையீடு. திருமலை சிறையைத் திறந்து சேதுபதியை மறுபடி பட்டத்தில் வைத்தார். 1645இல் தம்பி கையால் அவர் கொலையுண்டார். நாடு பங்கு பிரிக்கப்பட்டது. இராமநாதபுரம் இரகுநாதத் தேவருக்கு வந்தது. பின்னால் அவரே திருமலை சேதுபதி என்று பெயர் பெற்றார்.

பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, திருமலை நாயக்கர் முதுமையில் நோயுற்றுக் கிடந்தபோது, மைசூர்ப் படை வழியெல்லாம் மக்களின் மூக்கை அறுத்துக்கொண்டு மதுரை எல்லைவரை வந்தது. அரண்மனையிலிருந்து ஓலை போனது சேதுச் சீமைக்கு. இரகுநாத சேதுபதி மறவர் படையோடு வந்து மைசூர்ப் படையைத் திருப்பி அனுப்பினார். திருமலை அவருக்கு 'இராணி சொல் காத்தான்' என்ற பட்டம் கொடுத்தார் என்பது வழக்கு. அதோடு நிற்கவில்லை, சேதுபதி மதுரைக்குக் கட்டிவந்த கப்பத்தையும் தள்ளுபடி செய்தார்.